எட்டு பாட்டு லைவ், ரெண்டு பாட்டு ஸ்டூடியோ: பாட் பெனட்டாரோட 'லைவ் ஃப்ரம் எர்த்'

பேரு லைவ் ஆல்பம், ஆனா அதுல இருந்து ஊருக்கே தெரிஞ்ச பாட்டு எதுன்னு கேட்டா மேடையில பாடாத ஒண்ணத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. கல்யாண வீட்டுல சாப்பாட்டை விட்டுட்டு பீடா பிரமாதம்னு சொல்லிட்டு போற மாதிரி. 1983 அக்டோபர்ல அமெரிக்க ராக் பாடகி பாட் பெனட்டார் விட்ட 'லைவ் ஃப்ரம் எர்த்' ஆல்பத்தோட கதை இதுதான், இன்னைக்கும் யாராவது அதைப் பத்தி பேசினா "ஓ, லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட் இருக்கே அந்த ஆல்பமா"ன்னுதான் கேக்குறாங்க. ஆமாங்க அதுதான், ஆனா அதுக்கு முன்னாடி எட்டு பாட்டு இருக்கு, அதை ஒருத்தரும் கண்டுக்கிறதில்ல, எனக்கு அந்த கடுப்புலதான் இந்த போஸ்ட்.

பாட் பெனட்டார் யாருன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். நியூயார்க் ப்ரூக்ளின்ல 1953ல பொறந்தவங்க, பொறந்தப்போ பேரு பட்ரீஷியா ஆண்ட்ரஸெயெவ்ஸ்கி, போலிஷ் வம்சம், நானே இதை தப்பாதான் எழுதிருப்பேன் விடுங்க. அம்மா ஆபரா பாடினவங்க. பொண்ணும் சின்ன வயசுலேர்ந்து க்ளாசிக்கல் முறையில குரல் பயிற்சி எடுத்துருக்காங்க, பெரிய மியூசிக் காலேஜுக்கு போவாங்கன்னு எல்லாரும் நெனச்சுட்டு இருக்கும்போது அதையெல்லாம் விட்டுட்டு பத்தொம்போது வயசுல ஒரு மிலிட்டரிக்காரரை கல்யாணம் பண்ணிட்டு வர்ஜீனியா பக்கம் ரிச்மண்டுக்கு போய் ஒரு பேங்க்ல கேஷ் கவுண்ட்டர்ல உக்காந்துட்டாங்க. பெனட்டார்ங்கறது அந்த முதல் வீட்டுக்காரரோட பேரு, கல்யாணம் நிக்கல, பேரு நின்னுடுச்சு. ரிச்மண்டுக்கு பாடகியும் நடிகையுமான லைஸா மினெல்லி வந்து பாடினதை பாத்துட்டு, அடுத்து பேங்க் வேலைய விட்டுட்டு, பாடிக்கிட்டே சாப்பாடு பரிமாறுற வேலைக்கு சேந்தாங்களாம். அப்புறம் நியூயார்க் திரும்பி 'கேட்ச் எ ரைசிங் ஸ்டார்'ங்கற க்ளப்ல யார் வேணா மேடையேறலாம்ங்கற நைட்ல போய் பாடினாங்க, அங்க பாடினது ஜூடி கார்லண்டோட பாட்டு, அதாவது லைஸா மினெல்லியோட அம்மா பாட்டு! இது தற்செயலா இல்ல ஒரு நன்றிக்கடனா தெரியல, எனக்கு பிடிச்சிருக்கு அந்த கணக்கு.

1977 ஹாலோவீன் ராத்திரி கதை இன்னும் நல்லா இருக்கும். பழைய விண்வெளி படம் ஒண்ணுல வர்ற கேரக்டர் மாதிரி கருப்பு டைட்ஸும் கண்ணுக்கு கனமான மையுமா வேஷம் போட்டுட்டு ஒரு பார்ட்டிக்கு போயிட்டு, வேஷத்தை கலைக்காம அப்படியே க்ளப் மேடையில ஏறிட்டாங்க. தெனமும் பாடுற அதே பாட்டுங்கதான், ஆனா கூட்டம் எழுந்து நின்னு கத்துது. குரல் அதேதான், துணி மட்டும்தான் மாறிச்சு. சந்தோஷமும் கொஞ்சம் கசப்பும் கலந்த விஷயம் இது, ஏன்னா அதுக்கப்புறம் பத்து வருஷம் பத்திரிகைக்காரங்க அவங்க போட்ட ஸ்பேண்டெக்ஸ், அதாவது உடம்ப ஒட்டுற இறுக்கமான துணிய பத்தி எழுதினதுல பாதி கூட குரல பத்தி எழுதல.

அடுத்தது மளமளன்னு நடந்துச்சு. க்ரைசலிஸ்ங்கற ரெக்கார்டு கம்பெனி கையெழுத்து வாங்குச்சு, 1979ல முதல் ஆல்பம், 1980ல 'க்ரைம்ஸ் ஆஃப் பேஷன்', அது அமெரிக்க சார்ட்ல ரெண்டாம் இடத்துல வாரக்கணக்கா நின்னுச்சு, முதலிடத்துக்கு ஏற முடியல, ஏன்னா மேல உக்காந்திருந்தது ஜான் லெனன் இறந்த சமயத்துல வந்த அவரோட ஆல்பம். 1981ல 'ப்ரெஷியஸ் டைம்' முதலிடமே பிடிச்சுது. 1982ல 'கெட் நெர்வஸ்'. அப்புறம் 1983ல இந்த லைவ். வருஷத்துக்கு ஒண்ணுன்னு எண்ணிக்கோங்க, நடு நடுவுல டூர் வேற. அந்த தொண்டையில என்ன இருந்துச்சோ.

லைவ் ஆல்பம்னா அந்த காலத்துல ஒரு தனி மரியாதை. எழுபதுகள்ல கிஸ் பேண்டுக்கு ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் பெருசா ஓடல, 1975ல 'அலைவ்'னு ரெண்டு தட்டு லைவ் விட்டதும்தான் அவங்க நிமிந்தாங்க. பீட்டர் ஃப்ராம்ப்டனுக்கு 1976ல அதே கதை இன்னும் பெருசா. சீப் ட்ரிக்குக்கு டோக்கியோல புடோக்கன் ஹால்ல பாடினதுதான் சொந்த ஊர் அமெரிக்காவுலயே கதவ தொறந்துச்சு. அவங்களுக்கெல்லாம் ஸ்டூடியோல மாட்டாத ஏதோ ஒண்ணு மேடையில இருந்துச்சு, அதை காட்டத்தான் லைவ். பெனட்டாருக்கு அந்த தேவையே இல்ல. ஏற்கனவே ஆல்பமெல்லாம் லட்சக்கணக்குல வித்துட்டு இருக்கு, கிராமி வாங்கி அலமாரியில வெச்சாச்சு. அப்புறம் எதுக்கு லைவ்? என்னைக் கேட்டா, அடுத்த ஸ்டூடியோ ஆல்பம் வர்ற வரைக்கும் கடையில பேரு இருக்கணும், அவ்வளவுதான். தட்டை பாத்தாலே தெரியும், ரெண்டு தட்டு இல்ல, ஒரே தட்டு, அதுல எட்டு பாட்டுதான் லைவ், மிச்சம் ரெண்டு புதுசா ஸ்டூடியோல பண்ணினது. லைவ் பாட்டெல்லாம் ஃப்ரான்ஸ்லயும் கலிஃபோர்னியாவுலயும் அந்த 'கெட் நெர்வஸ்' டூர்ல பதிவு பண்ணி வெச்சதுலேர்ந்து எடுத்தது.

இப்படி இடைவெளிய நிரப்ப வந்த ஆல்பம்னா சோம்பேறித்தனமா இருக்கணும், ஆனா பாடினவங்க அப்படி நெனக்கல போல.

முதல் பாட்டு 'ஃபயர் அண்ட் ஐஸ்'. ஸ்டூடியோ வெர்ஷன் 'ப்ரெஷியஸ் டைம்'ல இருக்கு, கிராமி வாங்கினது. அதுல ஆரம்பம் அமைதியா, ஜாக்கிரதையா, அப்புறம் கோரஸ்ல வெடிக்கும். லைவ்ல அந்த ஜாக்கிரதை கெடையாது. கூட்டம் கத்திட்டு இருக்கற சத்தத்துக்கு மேலயே அவங்க மெதுவான வரிகளை பாடணும், அதனால மெதுவா பாடுறப்போ கூட குரல்ல ஒரு முறுக்கு இருக்கு, அதாவது சத்தம் கம்மி ஆனா அழுத்தம் கம்மி ஆகல. க்ளாசிக்கல் பயிற்சி இருக்கறவங்களுக்குதான் இது வரும்னு நெனக்கிறேன், மூச்ச கட்டுப்படுத்தி மெல்லிசா விடுறது. ராக் பாடுற பல பேருக்கு ரெண்டே கியர், ஒண்ணு பேசுற மாதிரி, இன்னொண்ணு கத்துறது. இவங்களுக்கு நடுவுல நாலஞ்சு இருக்கு.

அரீனான்னா என்னன்னு யோசிச்சு பாருங்க, பேஸ்கட்பாலும் ஐஸ் ஹாக்கியும் ஆடுற கான்க்ரீட் மண்டபம், பல ஆயிரம் பேரு, எந்த மூலையில சத்தம் போட்டாலும் எதிரொலிச்சு திரும்ப வரும். இப்போ பாடுறவங்க காதுக்குள்ள சின்னதா இயர்பீஸ் மாட்டிக்கிறாங்க, தன் குரல் தனக்கு சுத்தமா கேக்கும். 1983ல அதெல்லாம் ஏது, கால்கிட்ட சாய்ச்சு வெச்ச ஸ்பீக்கர்தான், பின்னாடி ட்ரம்ஸு, பக்கத்துல அலறுற கிட்டாரு, அதுக்கு நடுவுல சுதி தப்பாம உச்சத்துல ஒரு நோட்ட பிடிச்சு நிறுத்தணும். அஞ்சடி உயரத்துல இருக்கற ஒருத்தங்க. லைவ் ஆல்பத்துல பின்னாடி ஸ்டூடியோல ஒட்டுவேலை பாக்குறதெல்லாம் சகஜம்தான், தெரியும், ஆனாலும் இதை கேக்குறப்போ பாட்டுக்கு நடுவுல மூச்சு வாங்குற இடம், வரி முடியுறப்போ கொஞ்சம் கரகரக்குற இடம் எல்லாம் அப்படியே விட்டு வெச்சிருக்காங்க. எனக்கு அதுதான் வேணும்.

ரெண்டாவது 'லுக்கிங் ஃபார் எ ஸ்ட்ரேஞ்சர்', மூணாவது 'ஐ வாண்ட் அவுட்', ரெண்டும் அப்போ புது ஆல்பமான 'கெட் நெர்வஸ்' பாட்டுங்க. 'ஸ்ட்ரேஞ்சர்' கீபோர்டு தூக்கலான பாட்டு, பரவால்ல ரகம். 'ஐ வாண்ட் அவுட்' நல்ல வேகம். இந்த எடத்துல எனக்கு ஒரு கோவம் இருக்கு, அதே ஆல்பத்துல 'ஷேடோஸ் ஆஃப் த நைட்'னு ஒரு பாட்டு இருக்கு, பெரிய ஹிட்டு, கிராமி வாங்கின பாட்டு, அரீனாவுல பாடுறதுக்குன்னே செஞ்ச மாதிரி கோரஸ், அது இந்த லைவ்ல இல்ல! 'ட்ரீட் மீ ரைட்'டும் இல்ல. எம்டிவி 1981 ஆகஸ்ட் 1ம் தேதி ஆரம்பிச்ச அன்னைக்கு ரெண்டாவதா போட்ட வீடியோ பெனட்டாரோட 'யூ பெட்டர் ரன்', அதாவது அந்த சேனல்ல முகம் காட்டின முதல் பெண் பாடகி இவங்கதான், அந்த பாட்டும் இல்ல. ரெண்டு தட்டா விட்டிருந்தா எல்லாம் வந்திருக்கும். கஞ்சத்தனம் பண்ணிட்டாங்க.

நாலாவது 'வி லிவ் ஃபார் லவ்'. முதல் ஆல்பத்துல வந்த பாட்டு, எழுதினது கிட்டாரிஸ்ட் நீல் ஜிரால்டோ. ஸ்டூடியோல கேட்டா எனக்கு எப்பவும் ப்ளாண்டி பேண்டு ஞாபகம் வரும், அந்த மெல்லிசான உயரமான குரல், டக்கு டக்குனு ஓடுற தாளம். அது சும்மா தோணுறது இல்ல, அந்த முதல் ஆல்பத்துல மூணு பாட்ட தயாரிச்ச மைக் சாப்மேன்தான் அதே சமயத்துல ப்ளாண்டியையும் தயாரிச்சுட்டு இருந்தாரு. சாப்மேன் பேர ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வருவாரு. லைவ்ல இந்த பாட்டு கனமாயிடுது, தாளத்துல சதை போட்டுருக்கு, ஆனா அவங்க குரல் மட்டும் அந்த உயரத்துலயே அசையாம நிக்குது. ஆபரா பாடின அம்மாவோட பொண்ணுங்கறது இந்த ஒரு பாட்டுல தெளிவா கேக்கும்.

இப்போ ஜிரால்டோ. இவர பத்தி சொல்லாம இந்த ஆல்பத்த பத்தி பேசவே கூடாது. க்ளீவ்லண்ட்காரர், ரிக் டெரிங்கர் பேண்டுல வாசிச்சுட்டு இருந்தவர், முதல் ஆல்பத்துக்கு முன்னாடி பேண்ட் தேடுறப்போ வந்து சேந்தாரு. ரிக் ஸ்ப்ரிங்ஃபீல்டோட 'ஜெஸ்ஸீஸ் கேர்ள்' கேட்டிருப்பீங்களே, அதுல கிட்டார் இவர்தான், இது பல பேருக்கு தெரியாது. 1982ல பெனட்டாரும் அவரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, ஹவாய்ல. இன்னைக்கு வரைக்கும் சேந்தே இருக்காங்க, சேந்தே டூர் போறாங்க, ராக் உலகத்துல இது அதிசயம். இந்த லைவ் ஆல்பத்துக்கு பீட்டர் கோல்மேனோட சேந்து தயாரிப்பும் அவர்தான். கேட்டா புரியும், கிட்டார் குரலுக்கு பின்னாடி நிக்கறதில்ல, பக்கத்துல நிக்குது. அவங்க ஒரு வரிய முடிச்சு மூச்சு எடுக்குற அந்த அரை செகண்ட்ல இவர் உள்ள வந்து பதில் சொல்லுவாரு, திரும்ப அவங்க ஆரம்பிக்கறப்போ வெலகிடுவாரு. பாட்டு முழுக்க இந்த பேச்சுவார்த்தைதான். வெளிய போஸ்டர்ல ஒரே பேரு, உள்ள ரெண்டு பேரு. 2022ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தப்போ ரெண்டு பேரையும் ஒண்ணாதான் சேத்தாங்க, அதான் சரி.

மத்தவங்க யாருன்னா ட்ரம்ஸ் மைரன் க்ராம்பாக்கர், பேஸ் ரோஜர் கேப்ஸ், கீபோர்டு சார்லி ஜியார்டானோ. ஜியார்டானோ பின்னாடி ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனோட ஈ ஸ்ட்ரீட் பேண்டுக்கு போய் அங்கயே நெலைச்சுட்டாரு. க்ராம்பாக்கர் அடிக்கிறது சுத்தமா இருக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா அவர் ஒரு பாட்ட கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி தள்ளிட்டே போவாரு, இப்போ எல்லாரும் தாளம் தப்பாம இருக்க காதுல மெஷின் போடுற க்ளிக் சத்தத்த கேட்டு வாசிக்கிற காலத்துல அந்த மாதிரி தள்ளு கேக்குறதுக்கே ஆசையா இருக்கு.

சரி, அஞ்சாவது பாட்டு. 'ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்'. இதுக்காகத்தான் இந்த தட்ட வாங்கணும்னு சொல்லுவேன்.

இந்த பாட்டு எப்படி வந்துச்சுன்னா, நியூயார்க் டைம்ஸ்ல குழந்தைங்கள வீட்டுக்குள்ள அடிச்சு சித்திரவதை பண்றத பத்தி தொடர் கட்டுரை வந்துச்சு, பெனட்டார் அதை படிச்சுட்டு அதிர்ந்து போயிட்டாங்க, லாங் ஐலண்ட்ல ஒரு சாதாரண ஊர்ல வளந்தவங்களுக்கு இப்படியெல்லாம் நடக்குதுங்கறதே தெரியாதாம். ஜிரால்டோவும் கேப்ஸும் இவங்களும் சேந்து எழுதினாங்க. 1980ல இந்த விஷயத்த யாரும் வெளிய பேச மாட்டாங்க, அதுவும் ஹார்ட் ராக் ஆல்பத்துல, காதல் தோல்வி பாட்டுக்கு நடுவுல. பூசி மெழுகாம நேரடியா சொல்ற பாட்டு.

ஸ்டூடியோ வெர்ஷனே கனமானதுதான். லைவ்ல அது வேற ஒண்ணா மாறிடுது. மெதுவா ஆரம்பிக்குது, கிட்டார் தனியா, குரல் கிட்டத்தட்ட பேசுற அளவுல. ஆயிரக்கணக்கான பேர் நிக்குற மண்டபத்துல சத்தம் அடங்குறது கேக்கும். அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு படி ஏறுது, கோவம் ஏறுது, ஒரு கட்டத்துக்கு மேல அவங்க பாடுறத விட்டுட்டு கத்துறாங்க, ஆனா அந்த கத்தலும் சுதியில இருக்கு, அதான் பயமா இருக்கு. கட்டுப்பாடு இல்லாம கத்தினா நாம ஒதுங்கிடுவோம், கட்டுப்பாட்டோட கத்துறப்போ ஒதுங்க முடியாது. கடைசில பாட்டு திடீர்னு வேகம் பிடிச்சு நாலு கால் பாய்ச்சல்ல ஓடும், குரல் நின்னுடும், கிட்டாரும் ட்ரம்ஸும் மட்டும் அடிச்சு நொறுக்கும். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு, இனி வார்த்தைக்கு வேலை இல்லங்கற மாதிரி. நான் இதை பஸ்ல ஹெட்ஃபோன்ல கேக்க மாட்டேன், மொகம் எப்படி போகும்னு தெரியாது.

எல்பி தட்டுல முதல் பக்கம் இதோட முடியுது. எழுந்து போய் திருப்பிப் போடணும். அந்த கேப் வேணும் நமக்கு. ஸ்ட்ரீமிங்ல அந்த கேப்பே இல்லாம அடுத்த செகண்ட்ல 'ஹிட் மீ வித் யுவர் பெஸ்ட் ஷாட்' வந்து குதிக்கும், அடிபட்ட குழந்தைங்கள பத்தின பாட்டுக்கு அடுத்து 'உன் பலம் முழுக்க சேத்து அடி பாப்போம்'னு ஒரு ஜாலி பாட்டு, கேக்கவே சங்கடமா இருக்கு. ஆல்பத்த கோர்த்தவங்க தட்ட திருப்புற நேரத்த கணக்குல வெச்சுதான் கோர்த்திருக்காங்க, நாம அதை தொலைச்சுட்டோம். அந்த எடத்துல பாஸ் பண்ணிட்டு ஒரு காப்பி போட்டுட்டு வாங்க.

'ஹிட் மீ' கனடாக்காரர் எடி ஷ்வார்ட்ஸ் எழுதினது, தலகாணிய குத்தி கோவத்த தணிக்கிற ஒரு தெரபிக்கு போயிட்டு வந்தப்போ தோணுன பாட்டாம். பெனட்டாரோட முதல் டாப் டென் ஹிட்டு. லைவ்ல கூட்டம் கூடவே பாடும், இவங்க மைக்க நீட்டிட்டு சிரிக்கிறது கேக்குற மாதிரியே இருக்கும். ஆனா 2022ல அவங்க ஒரு பேட்டியில இனிமே இந்த பாட்ட பாட மாட்டேன்னு சொல்லிட்டாங்க, அமெரிக்காவுல துப்பாக்கி வெச்சு கூட்டத்த சுடுற சம்பவங்க தொடர்ந்து நடக்குது, அதுல செத்தவங்களோட குடும்பத்துக்கு மரியாதையா 'ஷாட்'ங்கற வார்த்தைய சிரிச்சுக்கிட்டே மேடையில சொல்ல முடியாதுன்னு. ரசிகருங்க சில பேரு கத்தினாங்க, காசு குடுத்து வர்றோம், ஹிட் பாட்ட பாட மாட்டியான்னு. எனக்கு அவங்க செஞ்சது சரின்னுதான் படுது. 'ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்' எழுதினவங்க இப்படித்தான் யோசிப்பாங்க. வேணும்னா இந்த 1983 பதிவு இருக்கே, கேட்டுக்கலாம்.

'ப்ராமிசஸ் இன் த டார்க்'. பெனட்டாரும் ஜிரால்டோவும் சேந்து எழுதின பாட்டுங்கள்ல எனக்கு இதுதான் உச்சம். கீபோர்டு மட்டும் வெச்சுக்கிட்டு மெதுவா, ஒரு நாடக மேடையில பாடுற மாதிரி ஆரம்பிக்கும். ஏதோ பேலட்னு நெனச்சு சாய்ஞ்சு உக்காருவோம், டம்முனு கிட்டார் எறங்கும். இந்த ட்ரிக் ஸ்டூடியோவுல கேட்டு பழகிட்டாலும் லைவ்ல ஒவ்வொரு தடவையும் தூக்கி வாரி போடுது, ஏன்னா எறங்குறதுக்கு முன்னாடி கூட்டத்துக்கு தெரியும் எறங்க போகுதுன்னு, அந்த இரைச்சல் ஏறி ஏறி வந்து சரியா கிட்டாரோட மோதுது. ஜிரால்டோ சோலோ இங்க கேளுங்க, அலங்காரம் கம்மி, வேகம் காட்டுறதில்ல, பாட்டோட ராகத்த கிட்டார்ல திரும்ப பாடுறாரு அவ்வளவுதான்.

'ஹார்ட்ப்ரேக்கர்' லைவ் பகுதிய முடிக்குது. இங்கிலாந்துல ரெண்டு பேரு எழுதி ஜென்னி டேரன்ங்கற பாடகி 1978ல ஏற்கனவே பாடின பாட்டு, பெனட்டாருக்கு வந்ததும்தான் ஓடுச்சு. இவங்கள அமெரிக்க டாப் 40க்குள்ள முதல்ல நுழைய வெச்ச பாட்டு இது. அந்த காலத்துல ராக் ரேடியோ ஸ்டேஷன்ல போய் இவங்க ரெக்கார்ட குடுத்தா, ஏற்கனவே ஒரு பொம்பள பாட்ட போட்டுட்டு இருக்கோம், இன்னொண்ணுக்கு எடம் இல்லன்னு சொல்லுவாங்களாம். ஆம்பள பேண்டுங்க வரிசையா பத்து போடலாம், பொம்பளைக்கு ஒரே சீட்டு. அந்த ஒரு சீட்டுக்கு இவங்களும் ஹார்ட் பேண்டு வில்சன் அக்கா தங்கச்சியும் ஜோன் ஜெட்டும் அடிச்சுக்கணுமா? அத நெனச்சுட்டு இந்த லைவ் வெர்ஷன கேட்டா, அந்த கடைசி ரெண்டு நிமிஷத்துல இருக்கற வெறி எங்கேர்ந்து வருதுன்னு புரியும்.

கைதட்டல் மெதுவா தேயுது. அடுத்து வர்றது வேற உலகம்.

'லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட்'. ஞாபகம் வெச்சுக்க சொன்னேனே மைக் சாப்மேன், அவரும் ஹாலி நைட்டும் எழுதின பாட்டு. அவங்க குடுத்தப்போ இது மெதுவான பாட்டு. ஜிரால்டோதான் அதை வேகமாக்கி, மெஷின் மாதிரி அசையாம ஓடுற ஒரு தாளத்த அடியில போட்டு, மேல கீபோர்ட தூவி, இப்போ நமக்கு தெரிஞ்ச உருவத்துக்கு கொண்டு வந்தாரு. அமெரிக்காவுல அஞ்சாம் இடம், ஆஸ்திரேலியாவுல முதலிடம், 1984ல பெனட்டாருக்கு தொடர்ச்சியா நாலாவது கிராமி. பாப் ஜிரால்டி எடுத்த வீடியோ வேற சக்கை போடு போட்டுது, பேரு ஒரே மாதிரி இருந்தாலும் ஜிரால்டோவுக்கு சொந்தம் கெடையாது, மைக்கேல் ஜாக்சனோட 'பீட் இட்' எடுத்தவரு. அப்பன் வீட்ட விட்டு தொரத்தின பொண்ணு நியூயார்க் வந்து ஒரு மட்டமான டான்ஸ் க்ளப்ல மாட்டி, கடைசில எல்லா பொண்ணுங்களும் சேந்து தோள குலுக்கிக்கிட்டே அந்த க்ளப்காரன நோக்கி ஆடிட்டு போவாங்களே, அதான். நடனம் சொல்லி குடுத்தது மைக்கேல் பீட்டர்ஸ், 'பீட் இட்'டுக்கும் 'த்ரில்லரு'க்கும் பண்ணினவரு. பெனட்டாருக்கு டான்ஸ் தெரியாது, வீடியோ பாத்தாலே தெரியும், ஆனா அது ஒரு கொறையா தெரியல.

நல்ல பாட்டுதான், அதுல சந்தேகமே இல்ல, நானும் வாய்விட்டு பாடுவேன். ஆனா இந்த ஆல்பத்துல அது உக்காந்திருக்கற எடத்த பாருங்க. அதுக்கு முன்னாடி எட்டு பாட்டுல அஞ்சு பேரு ஒரே மேடையில ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு, தாளம் கொஞ்சம் ஓடி கொஞ்சம் இழுத்து, வேர்வையோட வாசிக்கிறாங்க. ஒன்பதாவது பாட்டுல அந்த பேண்டே காணாம போயிடுது. க்ராம்பாக்கரோட தள்ளு இல்ல, கிட்டார் பின்னாடி போயிடுச்சு, ஜிரால்டோவோட பதில் சொல்ற வேலை எல்லாம் கீபோர்டுக்கு மாறிடுச்சு. குரலும் மாறுது, உச்சத்துல வெடிக்கறதுக்கு பதிலா அடக்கி வெச்சு பாடுறாங்க. ஒரே தட்டுல பழைய பேண்ட் கைதட்டல் வாங்கிட்டு எறங்குது, புது சத்தம் ஏறுது. அடுத்த வருஷம் வந்த 'ட்ராப்பிகோ'வுல, 'வி பிலாங்' இருக்கற ஆல்பம், ஹார்ட் ராக் ரொம்பவே அடங்கிப் போச்சு. அந்த முதல் நாலு ஆல்பத்தோட பெனட்டார் சத்தம் முழுசா கேக்கறது இந்த எட்டு பாட்டோட முடிஞ்சு போச்சுன்னுதான் நான் சொல்லுவேன். அதையும் வேணும்னு செஞ்சவரு அதே ஜிரால்டோதான், அதனால யார திட்டுறதுன்னும் தெரியல. காலம் அப்படி, எம்டிவி வந்தாச்சு, எல்லாரும் சிந்தசைசர் வாங்கிட்டாங்க.

இன்னொரு கூத்து, அந்த 'பேட்டில்ஃபீல்ட்' சிங்கிள் தட்டுக்கு பின்பக்கம் போட்டது எதுன்னு நெனக்கிறீங்க? 'ஹெல் இஸ் ஃபார் சில்ட்ரன்' லைவ். வாங்கினவங்கள்ல எத்தன பேரு திருப்பி போட்டிருப்பாங்களோ.

ஆல்பம் அமெரிக்காவுல பதிமூணாம் இடம் வரைக்கும் போச்சு, ப்ளாட்டினமும் ஆச்சு, அதாவது பத்து லட்சம் தட்டு. முந்தின மூணும் டாப் ஃபைவ்ல இருந்ததால இத யாரும் பெருசா கொண்டாடல. விமர்சகருங்களும் ஹிட் பாட்டுங்கள திரும்ப கேக்குறோம்ங்கற மாதிரிதான் கடந்து போயிருப்பாங்க, லைவ் ஆல்பத்துக்கு எப்பவும் அதான் விதி.

கேக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஷஃபிள்ல போடாதீங்க. ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் வரிசையா, நல்ல ஸ்பீக்கர் இருந்தா ஸ்பீக்கர்ல, பக்கத்து வீட்டுக்காரங்க ஊர்ல இல்லாத நாளா பாத்து. நேரம் இல்லன்னா அஞ்சும் ஏழும் மட்டும். ஸ்டூடியோ வெர்ஷன முன்னாடி ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் லைவ் கேட்டீங்கன்னா நான் மேல சொன்ன வித்தியாசம் உங்களுக்கே கேக்கும், கேக்கலன்னா கமெண்ட்ல வந்து சண்டை போடுங்க.

பத்தாவது பாட்டு 'லிப்ஸ்டிக் லைஸ்' பத்தி ஒண்ணும் சொல்லலையேன்னு கேப்பீங்க. அதுவும் ஸ்டூடியோ பாட்டு. கேட்டேன். இருக்கு.